கங்காணியின் சீட்டில் தலையாட்டியவர்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டி கதிர்காமம் போக ஒரு மினி பஸ் பிடித்திருந்தது. ஏசி போட்ட பஸ். நான் வழக்கம்போல வாசற்படிக்குப் பக்கத்தில் போய் நின்றேன், ஆளை எண்ண. அதற்குள் ஒரு பெண்பிள்ளை போனைப் பார்த்துப் பேர் வாசிக்க ஆரம்பித்துவிட்டது. பேர் வாசிக்கப்பட்டவர் ஏறினார். "தாத்தா, நீங்க பன்னெண்டாம் நம்பர். போயி ஒக்காருங்க" என்றது. என்னைப் பார்த்துத்தான். கொடகவெலயிலிருந்து கஹவத்தை வரைக்கும் எந்தத் தோட்டத்தில் பயணம் கிளம்பினாலும் முதலில் என்னைத் தேடி ஆள் வந்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அது எங்கே தெரியப்போகிறது?

சரி என்று உட்கார்ந்தேன். கண்ணாடியில் தொங்கிய ஓர் அட்டையிலிருந்து ஆரஞ்சு மிட்டாய் வாசனை வந்துகொண்டிருந்தது. கதிர்காமம் போகிற பஸ் அப்படி மணக்கக் கூடாது. டீசல், கற்பூரம், டயருக்கடியில் நசுங்கிய எலுமிச்சம்பழம், மடியில் சூடாக இருக்கும் சோத்துப் பார்சல், எல்லாம் கலந்து மூக்கில் ஏற வேண்டும். அந்த வாசனையை நினைத்தாலே எனக்கு, தோட்டத்து ஆட்களை வேலை வாங்கிய பெருமாள் கங்காணியின் ஞாபகம் வந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இன்று கஹவத்தையில் இரண்டு மாடிக் கடை இருக்கிறது என்றால் அது பள்ளிக்கூடம் தந்ததல்ல, பெரட்டுக்களம் தந்தது. காலையில் வேலைக்குப் போகும் முன் ஆட்களை நிறுத்தி எண்ணுகிற இடம் அது. பெருமாள் கங்காணி அங்கே பேர் கேட்க மாட்டார், முகம் பார்க்க மாட்டார். குடை நுனி தலைகளுக்கு மேலே ஒரு முறை ஓடும். "நூத்திப் பதினாலு" என்பார். நூற்றிப் பதினாலுதான் இருக்கும். அந்த வித்தையை அவரைப் பார்த்துப் பார்த்தே நான் கற்றுக்கொண்டேன். அவர் சொல்லித்தந்ததில்லை, பக்கத்தில் போனால் குடையால் இடிப்பார்.

அவர் மகள் லெட்சுமியைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கையில் ஒன்றுமில்லை, வாய் மட்டும் இருந்தது. பெண் கேட்டுப் போன என் மாமாவிடம் கங்காணி சொன்ன பதில் இதுதான்: "மாசி மாசம் கதிர்காமம் போறோம். பஸ் பிடிச்சு, கூட்டிட்டுப் போயி, ஒரு தல கொறையாம கொண்டாந்து விடச் சொல்லு. அதுக்கப்பறம் பேசுவோம்."

இதெல்லாம் ஒரு சோதனையா என்று நினைத்தேன். கொடகவெலயில் சுனில் என்ற டிரைவரைப் பிடித்தேன். வெள்ளை பஸ், முன்னால் வேப்பிலையும் மயில் கொடியும். ஒன்று சொல்கிறேன், கேளுங்கள்: பயணத்தில் சாமிக்கு அடுத்தபடி டிரைவர்தான். முதல் பார்சல் அவருக்கு, முதல் டீ அவருக்கு. அவர் முகம் சுளித்தால் மலைப்பாதையில் பஸ்ஸும் சுளிக்கும். சுனிலை நான் மாப்பிள்ளை மாதிரி கவனித்தேன். அவனுக்கு மீன் பொரியல் பிடிக்கும் என்று தெரிந்து அதைத் தனியாகக் கட்டி எடுத்தேன்; கதிர்காமத்துக்குப் போகிற பஸ்ஸில் மீனா என்று பெண்கள் திட்டியதை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டாம்.

போனோம், கும்பிட்டோம். ஆண்கள் அத்தனை பேரும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டோம். திரும்பும் வழியில் உடவளவைக் குளக்கட்டுக்குப் பக்கத்தில், வேலியோரம் யானை நிற்கிறது என்று எல்லோரும் இறங்கினார்கள். முன்னாலும் பின்னாலும் நிறைய பஸ். யானைக்குப் பழம் கொடுத்து, பார்சல் சாப்பிட்டு, கை கழுவி ஏறினோம். நான் படியில் நின்று தலைகளுக்கு மேலே விரலை ஓட்டினேன். அன்றைக்கு எண்ணிய சுகத்தை மறக்க முடியாது. ஆண்கள் தலையெல்லாம் வழுவழுப்பான மொட்டை, விரல் வழுக்கிக்கொண்டு போனது. இருபத்தேழு.

"ஹரித, மல்லி?" என்று கேட்டான் சுனில். சரிதானா தம்பி என்று சிங்களத்தில்.

"ஹரி அய்யே" என்றேன், சரி அண்ணே என்று. கிளம்பினோம்.

கங்காணி மூன்றாவது வரிசை ஜன்னலோரம் முகத்தில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் தங்கை மருதாயி. மருதாயி அக்கா பேச ஆரம்பித்தால் ஊர் வந்து சேர்ந்தாலும் முடியாது. மருமகளில் தொடங்கி, மாட்டுத்தொழுவத்துக்கு வந்து, பிறகு என்னிடம் வந்தது.

"அண்ணே, அந்தப் பயலப் பத்தி என்ன நெனைக்கிற? வாய்தான் நீளம். ஆனா பொறுப்பா இருக்கான்ல?"

பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியது. துண்டுக்குள் தலை மேலும் கீழும் ஆடியது.

"அப்ப லெட்சுமிய குடுத்துரலாங்கிற?"

பல்லேபெத்தை ஊருக்கு இந்தப் பக்கம் அடுத்த குழி. தலை மூன்று தரம் ஆடியது.

அக்கா எழுந்து நின்று பஸ்ஸுக்கே அறிவித்தாள். தப்பு மேளம் அடிக்க ஆரம்பித்தார்கள். பிரசாதத்துக்கு வாங்கிய தொதல் இனிப்பு பிரிபட்டது. கடைசி வரிசையிலிருந்து லெட்சுமி ஒரு துண்டு தொதலோடு அப்பாவிடம் வந்து துண்டை மெல்ல விலக்கினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அத்த" என்றாள் அமைதியாக. "அப்பாவுக்கு காதுல இவ்ளோ முடி கெடையாதே."

தப்பு நின்றது. அந்த மனிதர் கண்ணைத் திறந்து, தொதலை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, சுற்றிலும் பார்த்தார்.

"நீங்கல்லாம் யாரு?" என்று கேட்டார்.

பேர் மாரிமுத்து. ருவான்வெல்லைப் பக்கம் ரப்பர் தோட்டம். அவர்கள் பஸ்ஸும் வெள்ளை, அதிலும் வேப்பிலை. "எங்க பஸ்ஸுனு நெனைச்சு ஏறிட்டேன். சீட்டுல ஒரு பார்சல் இருந்துச்சு. நல்லாருந்துச்சு" என்றார். கங்காணியின் பார்சல் அது.

நான் செய்தது உங்களுக்குப் புரிந்திருக்கும். தலையை எண்ணினேன், முகத்தைப் பார்க்கவில்லை. ஒன்று போய் ஒன்று வந்ததில் கணக்கு அப்படியே நின்றது. ஒரு தலை குறையக்கூடாது என்று சொன்ன அந்தத் தலையையே யானைகளோடு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"ஒரு மணி நேரமா எல்லாத்தையும் இந்தாளுகிட்டயா சொன்னேன்?" என்று மருதாயி அக்கா தலையில் கை வைத்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலம்மா, தூங்கிட்டேன்" என்று மாரிமுத்து அவளைத் தேற்றினார்.

கொடகவெலயில் பஸ்ஸை நிறுத்தினோம். நான் ரோட்டில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன். "கலபல வென்ன எப்பா" என்று பதறாமலிருக்கச் சொல்லிவிட்டு சுனில் மிச்சமிருந்த மீனைத் தின்றுகொண்டிருந்தான். "எங்க பஸ் இந்த வழியாத்தான் வரும். எங்க டிரைவர் ஒரு புத்தர் பன்சலை விடாம நிறுத்திக் கும்புடுவாரு, அதான் லேட்டு" என்றார் மாரிமுத்து. லெட்சுமி என்னிடம் ஒரு டீயைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முக்கால் மணி நேரம் கழித்து அந்த பஸ் வந்தது. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், பெருமாள் கங்காணி குடையோடு உட்கார்ந்திருந்தார். மெதுவாக இறங்கினார். என் முன்னால் வந்து நின்றார்.

"எத்தன தல?"

"இருபத்தேழுங்க" என்றேன்.

"ம்."

அவருக்குப் பின்னால் இறங்கிய ருவான்வெல்லைக்காரர் ஒருவர் மரியாதையாகச் சொன்னார்: "கங்காணிதான் எங்களையும் எண்ணிக் குடுத்தாருங்க. முப்பத்தொண்ணு, சரியா இருக்கு, பஸ்ஸ எடுன்னாரு. நாங்களும் கெளம்பிட்டோம்."

கங்காணி குடை நுனியைப் பார்த்தபடி நின்றார். யாரும் சிரிக்கவில்லை. எப்படி அடக்கினார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மாரிமுத்துதான் முன்னால் வந்தார். "கங்காணி, ஒரு தப்பு நடந்துபோச்சு. ஒங்களுக்குப் பதிலா நான் பொண்ணு குடுக்க சம்மதிச்சிட்டேனாம். தூக்கத்துல. மன்னிச்சுக்கங்க."

கங்காணி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் ரோட்டைப் பார்த்தார். அப்புறம்தான் மகளைப் பார்த்தார். லெட்சுமி தலையைக் குனியாமல் நின்றாள்.

"என் சீட்டுல ஒக்காந்து என் சோத்தத் தின்ன ஆளு குடுத்த வாக்கு" என்றார். "மாத்த முடியுமா?"

கல்யாணத்துக்கு மாரிமுத்து ஒரு பஸ் ஆளோடு வந்தார். பெண்ணின் தகப்பன் ஸ்தானத்தில் தாம்பூலம் மாற்றும்போது கங்காணி அவரையும் பக்கத்தில் உட்காரவைத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ பயணம் கொண்டுபோனேன், எத்தனையோ சம்பாதித்தேன். "ஒங்களுக்கு சம்மதிச்சது எங்கப்பாவா, பல்லேபெத்த குழிதான?" என்று லெட்சுமி இன்றைக்கும் கேட்பாள்.

மாரிமுத்து போய்விட்டார், கங்காணியும் போய்விட்டார். அந்த ரோட்டைக் கம்பளம் மாதிரி போட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் நம்பரில் உட்கார்ந்து நான் அரைத் தூக்கத்தில் போனேன். பஸ் குலுங்கவே இல்லை. பக்கத்துச் சீட்டில் யாரோ ஒரு பெண் காதில் வயர் மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். அவள் மனக்குறை எதையும் என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டாயம் தலையாட்டியிருப்பேன்.