டைனோசருக்காகச் சுரண்டிய சுவர்

போன வாரம் எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒருவர் வந்திருந்தார். புதுசு அடிக்கும் முன்னால் பழையதைத் தகடு வைத்துச் சுரண்டுவார்கள் இல்லையா, அந்தக் கர் கர் சத்தமும் நனைந்த சுண்ணாம்பு வாசமும் சேர்ந்து வந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்து பாய்ந்து போய், "யாரைக் கேட்டுச் சுரண்டுறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் தகடும் கையுமாகத் திரும்பி, "நீங்கதான சார் வரச் சொன்னீங்க" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. சுவரைச் சுரண்டும் சத்தம் கேட்டால், வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு இன்றைக்கும் பயம் வரும். அந்தப் பயம் டைனோசரால் வந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளா, முழுசாகக் கேளுங்கள்.

பன்னிரண்டு வருசம் இருக்கும். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு வளவில் குடியிருந்தோம். வளவு என்றால் ஒரே முற்றத்தைப் பார்த்தபடி ஐந்து வீடுகள். நான்கில் வாடகைக்காரர்கள், முதல் வீட்டில் சொந்தக்காரர். முற்றத்தின் நடுவில் ஒரு கிணறு. கோடையில் ஊரே குடத்தோடு அலையும்போதும் அந்தக் கிணற்றில் தண்ணீர் கிடக்கும். அந்தக் கிணற்றுக்காகவே என் மனைவி ஜெயா ஏழெட்டுத் தெரு அலைந்து கண்டுபிடித்த வீடு அது.

எனக்கு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை. காலையில் பஸ் ஏறி, சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சோடு இறங்குவேன். நாட்டில் யாருக்கு எங்கே அடிபட்டாலும் எனக்குச் சோறு. படித்தது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் என் மகள் பொன்னிக்கு அப்பாவுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைப்பு. அந்த நினைப்பை நான் ரொம்பக் கவனமாகக் காப்பாற்றி வந்தேன்.

ஆறாவது படிக்கும்போது ஒருநாள், டைனோசர் எல்லாம் ஏன் செத்துப்போச்சு, டீச்சர் விசாரிச்சுட்டு வரச் சொன்னாங்க என்றாள். நான் சட்டையைக் கழற்றியபடியே, மனுசங்கதான் அடிச்சுத் தின்னு தீர்த்துட்டாங்க என்று சொல்லிவிட்டேன். அவள் அதை அப்படியே வகுப்பில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஏம்ப்பா, டைனோசர் செத்து கோடிக்கணக்கான வருசத்துக்குப் பொறவுதான் மனுசனே வந்தானாம். அப்போ யாரைத் தின்னாங்க?"

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்குப் போய்ச் சிறுவர் அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். பிள்ளைக்கா என்று கேட்டார் நூலகர். எனக்குத்தான் என்றேன். மூன்று தடவை படித்த பிறகு புரிந்தது இதுதான். பூமி அடுக்கடுக்காக இருக்கிறது. கீழ் அடுக்கில் டைனோசர் எலும்பு கிடக்கிறது, மேல் அடுக்கில் இல்லை. இரண்டுக்கும் நடுவே களிமண்ணாக ஒரு மெல்லிய அடுக்கு. அதில் பூமியில் லேசில் கிடைக்காத ஓர் உலோகம். வானத்திலிருந்து விழுகிற கல்லில் அது தாராளமாக உண்டு. ஒரு ஊரில் மட்டும் அப்படி இருந்தால் தற்செயல் என்று விட்டிருப்பார்கள். நாடு நாடாகப் போய்த் தோண்டியிருக்கிறார்கள். அங்கேயும் அதே அடுக்கு. அதனால் ஒரு பெரிய விண்கல் விழுந்துதான் டைனோசர் செத்தது என்கிறார்கள். எரிமலைதான் காரணம் என்கிறவர்களும் உண்டாம், அதுவும் நம் நாட்டு எரிமலை.

இதைப் பொன்னிக்கு எப்படிக் காட்டுவது? வாயால் சொன்னால் இனி அவள் நம்பமாட்டாள். தோண்டிக் காட்ட நிலம் இல்லை. அப்போதுதான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருந்த சுவர் கண்ணில் பட்டது.

ஜெயா துவைக்கப் போன நேரம் பார்த்து, தோசைக் கரண்டியை எடுத்து ஒரு கை அகலத்துக்குப் படிக்கட்டு மாதிரி சுரண்டினேன். ஒவ்வொரு படியிலும் ஒரு நிறம். பொன்னியும் பக்கத்து வீட்டு லூர்து அக்கா மகன் ஆல்பர்ட்டும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். மேலே சந்தன நிற டிஸ்டம்பர், அதில் எண்ணெய்த் தெறிப்பு. அது நாங்கள். அடுத்தது பச்சை, அதில் கரி, ஒரு ஆணி ஓட்டை, பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் 'குமார்' என்று எழுத்து. யாரோ ஒரு குமாரை நிற்க வைத்து உயரம் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகள் குமாரை அந்தக் காலத்து மிருகம் என்று நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அதற்கும் கீழே பொங்கலுக்குப் பொங்கல் அடித்த வெள்ளைச் சுண்ணாம்பு, அப்பளக் கட்டு மாதிரி. அதற்கும் அடியில் மெல்லிசாக, அரிசித் தவிடு கனத்துக்கு, ரோஸ். அதற்குக் கீழே மறுபடியும் பழைய வெள்ளை.

ரோஸ் எப்படிச் செத்தது என்று கேட்டேன். ஆல்பர்ட் விண்கல் என்றான். அவனுக்கு எல்லாமே விண்கல். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிப் போனதற்கும் ஒருதரம் அதையே சொன்னவன்.

பொன்னி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரோஸ் மேல கரியே இல்லப்பா, அடுப்படியில எப்படி இல்லாமப் போகும் என்றாள். ஆணி ஓட்டையும் இல்லை, எண்ணெயும் இல்லை. அப்படியென்றால் அது ரொம்ப நாள் இருக்கவே இல்லை என்று அவளே சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்ததாக, மற்ற வீட்டிலும் ரோஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றாள். விஞ்ஞானிகள் செய்ததும் அதைத்தானே. தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டேன்.

கேட்டுவிட்டுச் சுரண்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

சாயங்காலம் திரும்பினால் வளவே முற்றத்தில் நிற்கிறது. நான்காவது வீட்டில் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள். அவர்கள் கட்டில் தலைமாட்டில் ஒரு சதுரம். போலீஸ் ஏட்டு வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு சதுரம். லூர்து அக்கா வீட்டில் மாதா படத்துக்குக் கீழே ஒன்று. அக்கா ஆல்பர்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "ஏட்டி பொன்னி, ஒங்க அப்பாதான் சொன்னாகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பொன்னி ஆமாம் என்று தலையை ஆட்டினாள், பதக்கம் வாங்கிய மாதிரி.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வீட்டுச் சொந்தக்காரர் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து வந்தவர். தனியாள். நாங்கள் எல்லாரும் சுபேதார் அண்ணாச்சி என்போம். பாதிப் பேர் அவர் முன்னால் செருப்புப் போட மாட்டோம். மத்தியானம் அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்க, இரண்டடி தள்ளி, காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டு, இந்த இரண்டு பேரும் கர் கர் என்று சுரண்டியிருக்கிறார்கள். எலி என்று நினைத்து இரண்டு தரம் 'ச்சூ' என்றாராம். மூன்றாம் தரம் கண்ணைத் திறந்திருக்கிறார்.

அவர் வாசலில் நின்றபடியே சொன்னார். சத்தம் போடவில்லை.

"ஏலே, அடுத்த மாசம் வீட்டைக் காலி பண்ணிரு."

நான் 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்றேன். ஜெயா கிணற்றைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"டைனோசர் செத்தா செத்துட்டுப் போகுது. நாம எங்கங்க போக?"

அதற்குள் பொன்னி நோட்டை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றுவிட்டாள். பிடித்து இழுப்பதற்குள் பேசவும் ஆரம்பித்துவிட்டாள்.

"தாத்தா, அஞ்சு வீட்லயும் ரோஸ் இருக்கு. எல்லாம் ஒரே ரோஸ். அது மேல கரியும் இல்ல, ஒரு ஆணி ஓட்டை கூட இல்ல. ஒரு மாசம் கூட இருந்திருக்காதுன்னு எழுதியிருக்கோம். சரியா தாத்தா?"

அண்ணாச்சி நோட்டை வாங்கினார். கண்ணாடி இல்லாமல் கையை நீட்டி வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். அதில் இருந்ததோ நாலு வரி. பிறகு நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதினேழு நாள் இருந்துச்சு" என்றார்.

பொன்னி உடனே பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டாள். ஆல்பர்ட் அம்மா கையிலிருந்து கழன்று வந்து கேட்டான்.

"விண்கல்லா தாத்தா?"

அண்ணாச்சி குனிந்து அவனைப் பார்த்தார்.

"ஆமாலே. விண்கல்தான்."

உள்ளே போகத் திரும்பியவர், முகத்தைக் காட்டாமலே என்னிடம் சொன்னார். "இருந்துட்டுப் போங்க. ஆனா புள்ளைக சுரண்டுன எடத்தை ஒருத்தரும் பூசப்படாது."

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் லூர்து அக்கா வந்து ஜெயாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சிக்கு ஒரே மகள். அவள் கல்யாணத்துக்காக, மகளுக்குப் பிடித்த நிறம் என்று, ஐந்து வீட்டுக்கும் ரோஸ் அடித்திருக்கிறார். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அவள் தனக்குப் பிடித்தவனோடு போய்விட்டாள். கல்யாணம் நடக்க வேண்டிய அன்றைக்கு, அண்ணாச்சி ஒரு வாளிச் சுண்ணாம்பும் மட்டையுமாக, ஆள் கூப்பிடாமல், தானே ஐந்து வீட்டையும் வெள்ளையடித்தாராம். மகளைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் அவரிடம் பேசியதில்லை.

பள்ளிக்கூடத்தில் பொன்னி டைனோசரை விட்டுவிட்டு எங்கள் சுவரைப் பற்றியே பேசியிருக்கிறாள். சரி, டைனோசர் ஏன் செத்தது என்று டீச்சர் கேட்க, விண்கல்னுதான் சொல்றாங்க, ஆனா எல்லா வீட்லயும் போய்ப் பாக்கணும் டீச்சர் என்றாளாம். நோட்டில் 'நன்று' என்று எழுதி, கீழே 'அனுமதி பெற்று' என்றும் டீச்சர் எழுதியிருந்தார். அது எனக்கு எழுதியது.

அதற்குப் பிறகு வளவுக்கு இரண்டு தரம் பெயிண்ட் அடித்தார்கள். ஒவ்வொரு தரமும் அண்ணாச்சி கூடவே நின்று அந்த ஐந்து சதுரத்தையும் விட்டுவிட்டு அடிக்கச் சொன்னார். பெயிண்டர்கள் எங்களுக்குப் பின்னால் போய்ச் சிரித்தார்கள்.

அண்ணாச்சி இறந்த பிறகு அந்த மகள் வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கூடத்துச் சுவரில் சதுரத்தைப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணி இறங்குதா என்று என்னிடம் கேட்டார். டைனோசர் ஏன் செத்துச்சுன்னு பாக்கப் பிள்ளைங்க சுரண்டுனதும்மா என்றேன். இதை ஒரு சாவு வீட்டில் சொல்ல நேர்ந்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

"அப்பா ஏன் பூசாம விட்டாங்க?"

"அவியதாம்மா பூசப்படாதுன்னு சொல்லிட்டாங்க. அஞ்சு வீட்லயும்."

அவர் ஐந்து வீட்டுக்கும் போனார். எங்கள் பிள்ளைகளைப் போல இல்லாமல், ஒவ்வொரு வாசலிலும் நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். எங்கள் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் செத்த நேரம் நின்றார். ஜெயா காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தார்.

மறு வருசம் வளவை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த ஒரு மோட்டார் சைக்கிள் கடை. கிணறு இல்லை. ஆல்பர்ட் பட்டாளத்தில் இருக்கிறான். பொன்னி கோயம்புத்தூரில் படிக்கிறாள். சுவர்களை உடைத்து டிராக்டரில் ஏற்றி, வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளத்தை மேடாக்கக் கொட்டினார்கள். அந்த மேட்டில் பிளாட் போட்டுக் கல் ஊன்றியிருக்கிறது. என்றைக்காவது அங்கே யாராவது பிள்ளைகள் தோண்டினால், மண்ணுக்குள் கொஞ்சம் ரோஸ் கிடைக்கும். அதில் கரியும் எண்ணெயும் இல்லை என்று அதுகளே கண்டுபிடித்துவிடும். பதினேழு நாள் என்று சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.