மின்னல் சொன்னால் எடு

ஆய்வுக் கேமரா தானாகப் படம் எடுக்காது. யார் சொன்னால் எடுக்க வேண்டும் என்று மென்பொருளில் ஓர் ஆளை நியமிக்க வேண்டும், அந்த நியமனம்தான் என் பிழைப்பு. அதை டிரிகர் என்பார்கள். திரையில் எல்லாம் பச்சையாக இருந்தும் ஒரு படமும் விழாமல் வியர்த்துப்போனவர்களே, நீங்கள் என் சொந்தக்காரர்கள்.

சித்திரைக் கடைசியில் மலையூரான புதூர்நாட்டுக்குப் போனேன். ஆய்வு மாணவி கவிதாவுக்கு மலைமேல் இறங்கும் மின்னல் ஒன்றாவது படத்தில் வேண்டும். இரவல் கேமரா வெள்ளிக்கிழமை கல்லூரிக்குத் திரும்பிவிடும். அதற்குள் சிக்காவிட்டால் அவளுடைய மூன்று வருட உழைப்பு அந்தரத்தில். சாமை விவசாயி வேடியப்பன் தன் மாடி அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்.

ஜீப்புக்கு மரியாதை

வெளிச்சம் பளிச்சிட்டால் கேமராவுக்குச் சொல்லும் சென்சாரை ஜன்னலில் வைத்தேன். புதன் மதியத்துக்குள் நாற்பது படம் விழுந்திருந்தது. வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. எதிர்ச்சரிவில் வளைந்து ஏறும் ஜீப்பின் கண்ணாடி வெயிலில் மின்னியதெல்லாம் சென்சாருக்கு மின்னலாம். கவிதா கையைப் பிசைந்தாள். வேடியப்பன் ஒவ்வொரு படமாகப் பொறுமையாகத் தள்ளிப் பார்த்தார்.

"எங்கூரு ஜீப்பு எத்தினி நடை போவுதுன்னு எண்ணத்தான் வந்தீங்களா சார்?"

விரல்

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சென்சாரே வேண்டாம், திரையில் பொத்தானை அழுத்தினால் எடுக்கட்டும் என்று மாற்றினேன். வியாழன் மாலை இடிமழை. கவிதா கண் கொட்டாமல் உட்கார்ந்து, மின்னும்போதெல்லாம் அழுத்தினாள். மனித விரல் மின்னலை முந்துமா? அதை யோசிக்காதது என் புத்தி. அத்தனை படத்திலும் வெறும் வானம். திட்டியிருந்தால் தேவலை, அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"நாளைக்கு ஒரு நாள்தான்ணா இருக்குது."

கடைசி மழை

வெள்ளி காலை சென்சாரையே மறுபடி மாட்டி, ஜீப் பாதையை அட்டை வைத்து மறைத்தேன். டிரிகரைச் சென்சாருக்கு மாற்றினேன். டார்ச் அடித்தேன், படம் விழுந்தது. நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முதல் காற்றிலேயே கரண்ட் போய், இன்வெர்ட்டர் எடுப்பதற்குள் கேமரா ஒருமுறை அணைந்து மறுபடி எழுந்தது. மின்ன ஆரம்பித்தது. ஒவ்வொன்றுக்கும் சென்சாரின் விளக்கு சிமிட்டியது. படக் கணக்கு பூஜ்யத்திலேயே நின்றது. கம்பியைக் கழற்றி மாட்டினேன். சென்சாரைத் தட்டினேன். இடி கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. கேமராவை ஏற்றிப்போக வந்த வண்டி கீழே ஹாரன் அடித்தது. கடைசியில்தான் டிரிகர் பட்டியலைத் திறந்தேன். நான் நியமித்த ஆளைக் காணோம். கம்பெனியிலிருந்து வந்தபடியே பொத்தானுக்குக் காத்திருந்தது கேமரா. காலையில் செய்த மாற்றத்தை அதன் நினைவில் நான் சேமிக்கவே இல்லை.

மாற்றினேன், சேமித்தேன். எதிர் மலையில் ஒன்றே ஒன்று இறங்கியது. கணக்கு ஒன்று என்றது. கவிதா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் உள்ளதை ஒளிக்காமல் சொன்னேன்: நான் சேமிக்காமல் விட்டதால், கரண்ட் போனதில் கேமரா எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று. வேடியப்பன் தலைக்கு மேலே பார்த்தார்.

"கரண்டு போய்ட்டு வந்தா எங்க வூட்டு ஃபேனு அதே மூணாம் நம்பர்லதானே சார் சுத்துது, இதுக்கு இன்னா வந்துச்சி?"

அன்றிலிருந்து எந்தக் கேமராவை அமைத்து முடித்தாலும், பிளக்கை நானே ஒருமுறை பிடுங்கிச் செருகிப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் கை வைக்கிறேன்.