அண்ணனின் இரண்டு பிறந்தநாள்

எங்கள் அண்ணனுக்கு இரண்டு பிறந்தநாள். ஏப்ரலில் வருவது வீட்டுக்கு. அன்று அம்மா பாயசம் வைப்பாள். ஜூன் ஒன்றாம் தேதி வருவது பள்ளிக்கூடத்துக்கு; அன்று யாரும் எதுவும் வைப்பதில்லை. கோலார் தங்கவயலில் அவனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது வயதில் பத்து மாதம் குறைந்ததாம். ஒரு வருஷத்தை எதற்கு வீணாக்குவது என்று அப்பா ஃபாரத்தில் அந்தப் பத்து மாதத்தையும் கூட்டி எழுதிவிட்டார். எல்லாரும் செய்ததுதான்.

நாங்கள் பெங்களூரில் ஜீவனஹள்ளிக்குக் குடிவந்து பல வருடம் கழித்து அது சண்டையாக வந்து நின்றது. அப்போது எனக்கு ஒன்பது வயது. அண்ணன் பி.யூ.சி. முடித்திருந்தான். ஜூன் இரண்டாம் தேதி காலையில் பிறந்த தேதி போட்ட பத்தாம் வகுப்பு மார்க்ஸ் கார்டை அப்பா முன்னால் வைத்து, "எனக்குப் பதினெட்டு ஆயிடுச்சு. எல்.எல்.ஆர். போடணும்" என்றான்.

"உனக்குப் பதினேழுடா. பெத்தவ எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா.

"அதை ஆர்.டி.ஓ. ஆபீசுல வந்து சொல்லு."

அம்மா நிஜமாகவே வந்து சொன்னாள். கவுன்ட்டரில் இருந்தவர் கன்னடக்காரர். எங்களிடம் தமிழிலேயே பேசினார். "ஏனம்மா, எல்லாரும் பையனுக்கு வயசு ஆயிடுச்சின்னு வந்து நிப்பாங்க. நீ ஆகலைன்னு நிக்கிறியே! ரெக்கார்டுல இருக்கிறதுதான் வயசு" என்று சிரித்தார். அப்பா மட்டும் சிரிக்காமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு ஒரே ஆச்சரியம். அப்பாவின் பேனா அண்ணனை ஒரே நிமிடத்தில் பத்து மாதம் வளர்த்திருக்கிறது. சரி, வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவன் கையும் காலும் எந்தக் கணக்கில் வேலை செய்யும்? வீட்டுக் கணக்கிலா, பள்ளிக்கூடக் கணக்கிலா? திரும்பும் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

எல்.எல்.ஆர். வந்தது. லைசென்ஸ் உள்ள அப்பா பின்னால் உட்கார்ந்தால்தான் ஸ்கூட்டரைத் தொடலாம் என்று பேச்சு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. மூன்றாவது ஞாயிறு அப்பாவுக்கும் டியூட்டி, அம்மாவுக்கும் டியூட்டி. "வா பாப்பா, ஒரே ஒரு ரவுண்டு" என்றான் அண்ணன்.

நன்றாகவே ஓட்டினான், அதைச் சொல்லியாக வேண்டும். ரிச்சர்ட்ஸ் டவுன் மரநிழலில் காற்று முகத்தில் அடித்தது. பார்க் திருப்பத்தில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அண்ணன் முன் பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தான். வண்டி வழுக்கி ஒரு பக்கம் போக, நான் இன்னொரு பக்கம் போனேன். பின்னால் வந்த கார் கிறீச்சென்று நின்றது. அதன் நம்பர் பிளேட் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவ்வளவு கிட்டத்தில் ஒரு நம்பர் பிளேட்டை நான் பார்த்ததே இல்லை. நாலு ஸ்க்ரூவில் ஒன்று இல்லை. அண்ணன் காரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி, எழுந்திருக்காமலே கிடந்தான்.

அவனுக்கு முட்டியில் காயம், எனக்கு முழங்கையில். வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தோம். "கல்லு தடுக்கி விழுந்தேன்னு சொல்லிடு" என்றான்.

சாயங்காலம் அம்மா வந்ததும் அப்படியே சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஸ்க்ரூ விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. அண்ணனை உட்காரவைத்து அவன் தலை முழுக்க விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "வாந்தி வருதா? மயக்கமா இருக்கா? இது எத்தனை விரல்?"

"ரெண்டும்மா" என்றான்.

பிறகு என் பக்கம் திரும்பி இரண்டு விரலைக் காட்டினாள். எனக்கு அது புது விளையாட்டாகத் தெரிந்தது. வேண்டுமென்றே "அஞ்சு" என்றேன்.

அம்மா என்னை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "சும்மா சொன்னேம்மா, ரெண்டுதான்" என்று நான் கத்திய பிறகுதான் நின்றாள். அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் சாவியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். அடுத்த ஏப்ரல் வரை அவன் அதைக் கேட்கவே இல்லை.

அம்மாவுக்கு அப்போது ஓர் ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் தரை துடைக்கும் வேலை. அந்தக் கேள்விகளை அவள் எங்கே கேட்டுப் பழகினாள், அங்கே தப்பாகப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. அம்மாவை நன்றாக ஏமாற்றிவிட்டோம் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.