ஒன்பது வாரம் எழுதிய பெயர்

காளீஸ்வரிக்குச் சொந்த ஊர் எப்போதும்வென்றான். சென்னையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, அவளுடைய மென்பொருள் நிறுவனம் கோவில்பட்டியில் கிளை திறந்தபோது தானே கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள். கிளை என்றால் ஒரு மாடி, இருபத்தொரு பேர். ஏசி போட்ட உள்ளறையில் ஆறு கம்ப்யூட்டர்கள், ஒவ்வொன்றிலும் திரைக்குப் படம் வரைந்து கொடுக்கிற கிராபிக்ஸ் கார்டு இரண்டு. அந்த அறை காளீஸ்வரியின் பொறுப்பு.

திரையில் படம் வர வேண்டுமென்றால் கார்டோடு பேச டிரைவர் என்கிற ஒரு நிரல் வேண்டும். அதை எழுதித் திருத்துவதுதான் அங்கே வேலை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆயிரத்துச் சொச்சம் சோதனைகள் தானாக ஓடும். கார்டை ஒரு படம் வரையச் சொல்லி, சரியான படத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. கிளையில் இருந்த மூன்று குழுக்களுக்கும் அதே ஆறு மெஷின்தான். அதனால் ஒவ்வொரு சோதனையையும் ஒரு கண்டெய்னருக்குள், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே தடுத்த தனி அறை மாதிரி ஒன்றுக்குள் போட்டு ஓட்டுவார்கள். எந்தக் கண்டெய்னருக்கு எந்தக் கார்டு என்று எழுதிவைத்தவள் காளீஸ்வரி.

லிங்கராஜ் விளாத்திகுளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவன். அதிகம் பேசமாட்டான். போன வருஷம் மாசி வாக்கில், பெரிய படங்களை வேகமாக வரைய ஒரு திருத்தம் எழுதினான். நாலு மாத உழைப்பு. அவன் மேசை மெஷினில் எல்லாம் பச்சை. காளீஸ்வரியின் அறையிலோ இருபது தடவைக்கு ஒரு தடவை படம் கட்டம் கட்டமாகச் சிதைந்து வந்தது.

"அக்கா, என் மெஷின்ல ஒருதடவகூட சிவப்பு விழமாட்டேங்குது. அங்கன ரெண்டு வேலை ஒரே கார்டுல போய் முட்டுதான்னு கொஞ்சம் பாருங்களேன்" என்று வந்து நின்றான்.

"மூணு குழு ஓட்டுது தம்பி. மத்தவங்களுக்கு விழல, உங்களுக்கு மட்டும் விழுது. அப்ப எங்கன பாக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அன்றைக்கு அவளுக்கு வேலை குவிந்து கிடந்தது உண்மைதான். அதைவிட, தன் அறையைக் குறை சொல்கிறானே என்று சுருக்கென்று வந்த கோபம் பெரிது. இதை அவளே பிறகு ஒத்துக்கொண்டாள். வார அறிக்கையில் 'காரணம்: லிங்கராஜின் திருத்தம்' என்று எழுதினாள். அப்படி ஒன்பது வாரம் எழுதினாள். அவன் இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தான். பிறகு தன் எழுத்தையே கலைத்துக் கலைத்து எழுத ஆரம்பித்தான். முதலில் நன்றாக இருந்ததும் கெட்டது. கடைசியில் மேலாளர் செலஸ்டின் அந்தத் திருத்தத்தைக் கைவிட்டு, அவனை வாடிக்கையாளர் புகார்களைப் பதிவு செய்கிற வேலைக்கு மாற்றினார். ஆடி மாதம் லிங்கராஜ் ராஜினாமா கொடுத்தான். சொல்லிக்கொள்ளக்கூட அவள் அறைக்கு வரவில்லை.

கார்த்திகையில், புதிதாகச் சேர்ந்த ராதாமணி பெரிய படங்களுக்கு எழுதிய வேறொரு திருத்தமும் அதே மாதிரி சிதைந்தது. அப்போதுதான் காளீஸ்வரி தன் கண்டெய்னர் அமைப்பைத் திறந்து பார்த்தாள். 'ஒரு கார்டு' என்று இருக்க வேண்டிய வரியில் 'எல்லா கார்டும்' என்று இருந்தது. மாசியில் ஏதோ பழுது பார்க்க அவளே மாற்றி, திருப்பி வைக்க மறந்த வரி. இரண்டு கண்டெய்னர் ஒரே கார்டைப் பிடித்தால் கார்டில் மெமரி போதாது. சின்னப் படங்கள் தப்பித்துக்கொள்ளும், பெரியது சிதையும்.

வரியைச் சரிசெய்துவிட்டு, லிங்கராஜ் முதலில் எழுதியதை எடுத்து இருநூறு தடவை ஓட்டினாள். இருநூறும் பச்சை. அன்றைக்குக் கொண்டுபோன சோற்றை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"கண்டுபிடிச்சிட்டீங்கள்லா, விடுங்க. போன பையன்கிட்ட இனி என்னத்தச் சொல்ல?" என்றார் செலஸ்டின்.

"ஒன்பது வாரம் அவன் பேரை எழுதுனது நான்தான சார்" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை விளாத்திகுளத்துக்கு பஸ் ஏறினாள். லிங்கராஜ் மாமனாரின் உரக்கடையில் இருந்தான். மழை பெய்து, மிளகாய்க்கு உரம் வைக்க ஆள் வந்துகொண்டிருந்த நேரம். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்பவே சொன்னேன்லாக்கா" என்றான், மெதுவாக.

"நீங்க முதல்ல எழுதுன திருத்தத்தை உங்க பேர்லயே டிரைவர்ல சேத்துட்டேன் தம்பி. திரும்ப வாங்க. சார்ட்ட நான் பேசுதேன்."

"இல்லக்கா. என் எழுத்துல தப்பு தேடித் தேடி, எனக்கு இந்த வேலை வராதுன்னு நானே நம்பிட்டேன். வீட்டுலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். இப்ப எழுத உக்காந்தாலே கை வரமாட்டேங்குது." பிறகு கேட்டான், "இருநூறு தடவையும் ஓடுச்சா?"

"இருநூறும்."

தலையை ஆட்டிவிட்டு, வந்த ஆளுக்கு யூரியா எடுக்க உள்ளே போனான். கடையில் கூட்டம் கூடவே காளீஸ்வரி எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது அறிக்கைகளையும் திருத்தி, தப்பு தன்னுடையது என்று எழுதி, கிளையில் எல்லாருக்கும் அனுப்பினாள். தை மாதம் ஒருதடவை அவனுக்குப் போன் போட்டாள். மரியாதையாகப் பேசினான், வருகிறேன் என்று சொல்லவில்லை. அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று.

இப்போதெல்லாம் சிவப்பு விழுந்தால், யாரும் தொடாத தனி மெஷினில் முதலில் ஓட்டிப் பார்க்கிறாள். "இந்தப் புத்தி மாசியிலயே வந்திருக்கக் கூடாதா" என்று ஒருநாள் ராதாமணியிடம் கேட்டாள்.