படகு நேரம் தெரிந்தவர்

என் புருஷன் கியெம்பா, நியெண்டோ ஊர்ச் சந்தையில் பழைய செருப்பு விற்கிறவர். ஆனால் என்ன தொழில் என்று யாராவது கேட்டுவிட்டால், செருப்புக் குவியலைக் காலால் ஒதுக்கிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து போனைத்தான் எடுத்துக் காட்டுவார். உள்ளங்கையில் பாதிகூட வராத சாமான். அதற்குள் உலகமே இருக்கிறதாம். மழை வருமா, ஆட்டுக்கு ஏன் வயிறு உப்பியது, எதைக் கேட்டாலும் பெருவிரலால் அதைக் குத்துவார். முதலில் கண்ணில் படுவதுதான் வேதவாக்கு. கீழே தள்ளிப் பார்க்க மாட்டார், டேட்டா தீர்ந்துவிடுமாம். வெட்கங்கெட்ட மனிதர்.

என் தம்பி செம்பிஜ்ஜா, கட்டினால் தீவுப் பெண் நசூனாவைத்தான் கட்டுவேன் என்று வருஷக்கணக்காக ஒற்றைக்காலில் நின்றான். ஒருவழியாக, ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்வதற்குள் உறவோடு வந்து முறைப்படி பெண் கேளுங்கள் என்று அவள் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். நேரம் தவறினால் வாசலைச் சாத்திவிடுவேன், மறுபடி திறக்கமாட்டேன் என்று அவள் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

துறைக்கு ஆள் அனுப்பிப் படகு நேரம் கேட்டு வரலாம் என்றேன்.

"இது கையில இருக்கறப்ப ஆளு எதுக்குடி? மத்தியானம் படகு இருக்கு. இந்தா, போட்டிருக்கு பாரு."

எட்டிப் பார்த்தேன். அட்டவணை வலது பக்கம் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. அந்தப் பக்கம் நகர்த்துங்களேன் என்றேன். நகர்த்தினால் எழுத்தெல்லாம் குதிக்குமாம். இவளுக்குப் படிக்கவும் தெரியாது, சும்மா இருக்கவும் தெரியாது என்று தம்பி முன்னால் கிண்டல் வேறு.

ஞாயிற்றுக்கிழமை வாழைக்காய்த் தார், சர்க்கரை மூட்டை, ஆடு எல்லாம் சுமந்துகொண்டு துறைக்குப் போனோம். படகு காலையிலேயே போய்விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரே படகுதான், அதே அட்டவணையில் வலது ஓரம் கடைசிக் கட்டத்தில் போட்டிருக்கிறதே என்று சீட்டுக் கொடுப்பவன் சிரித்தான். பிறகு மீன்காரர் படகு ஒன்றைக் கெஞ்சிப் பிடித்தோம். அலையில் நனைந்தோம். ஆடு என் பட்டு உடுப்பின் மேலேயே கழிந்து வைத்தது. தீவில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

வாசல் பூட்டியிருந்தது. உள்ளே பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி குரல் உடைந்து கூப்பிட, நசூனாவின் அத்தை கம்பிக்கதவு வரை வந்தாள். அவன் வாய் திறப்பதற்குள் என் புருஷன் முண்டியடித்துப் போனை நீட்டினார். தப்பு தன் மேல் இல்லை, இதில் அப்படித்தான் போட்டிருந்தது என்றார்.

அத்தை போனைப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"உங்களுக்குப் படகு தேடிக் குடுத்தது இதுதானா? அப்ப பொண்ணையும் இதுலயே தேடிக்குங்க."

திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். தம்பி வெள்ளை அங்கியோடு சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் என் புருஷன் பக்கம் திரும்பினேன். அவர் போனை வானத்துக்குத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க டவரே இல்லடி," என்றார்.