ஒரே வரியில் எடுத்த பெயர்

இன்று காலை கடலூர் ஆபீசில் கம்ப்யூட்டர் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்டு காலாவதியாம். சென்னைக்கு போன் போட்டேன். முகம் தெரியாத ஒருவர் அரை நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். ஒரு காலத்தில் நானும் இந்த வேலைதான் பார்த்தேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிட்டார். அறையில் வேறு யாருமில்லை. உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேப். கதவைத் திறந்தால் ஏசியின் ஈர வாடையும் சூடான பிளாஸ்டிக் வாடையும் சேர்ந்து வரும். அதைப் பார்த்துக்கொண்டவர்கள் நானும் பரங்கிப்பேட்டை மெகருன்னிசாவும். மத்தியானம் அவளுடைய இறால் வறுவல் வாசம் முதல்வர் அறை வரை போய்ப் புகார் வந்தது தனிக்கதை.

அப்போது ஒவ்வொரு மிஷினிலும் தனித்தனியாகப் பெயர் பதிய வேண்டும். ஜன்னலோர மிஷினுக்குத் தெரிந்த பிள்ளையைக் கதவோர மிஷினுக்குத் தெரியாது. ஒரு சார் ஐந்து பாஸ்வேர்டை உள்ளங்கையில் எழுதி வருவார். வியர்வையில் அழிந்ததும் எங்களைத் தேடுவார்.

மெகர்தான் சொன்னாள்: "ஏன்டி, எல்லா பேரையும் ஒரே சர்வர்ல வெச்சா என்னா? மத்ததெல்லாம் அதுகிட்ட கேட்டுக்கட்டும், இவள விடலாமா வேணாமான்னு."

மூன்று வாரம் போராடிச் செய்தோம். முதல் செய்முறைத் தேர்வன்று அது ஒருவரையும் விடவில்லை. வராந்தா நிறையப் பிள்ளைகள். நான் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினேன், கண்ணில் நீர் முட்டியது. மெகர் நிதானமாகத் திரையைப் பார்த்தாள். "சர்வர் டைம பாருடி, இருவது நிமிஷம் பின்னால ஓடுது. மத்த மிஷினோட மணி ஒத்துப்போகல, அதான் யாரயும் நம்ப மாட்டேங்குது." நேரத்தைச் சரிசெய்ததும் எல்லோரும் உள்ளே போனார்கள்.

கல்யாணமாகி அவள் துபாய்க்குப் புறப்பட்டாள். வேலையை விட்டவர் பெயரை அன்றே எடுத்துவிட வேண்டும் என்பது நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய விதி. "நீயே எடுத்துடுடி" என்றாள். முன்பென்றால் மிஷின் மிஷினாகப் போய் எடுக்க ஒரு மத்தியானம் ஆகும்; பேசிக்கொண்டே எடுத்திருப்போம். இப்போது சர்வரில் ஒரே வரிக் கட்டளை; தட்டினேன், எல்லா மிஷினிலும் போய்விட்டது. விளையாட்டாகப் பக்கத்து மிஷினில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தாள். அப்படி யாரும் இல்லை என்றது. அடுத்ததிலும் அதேதான். சிரித்தாள், மூன்றாவதில் சிரிக்கவில்லை.

"போய் சேந்ததும் மெயில் போடுறேன்" என்று பஸ் ஏறினாள்.

சொன்னபடியே எழுதினாள். எல்லாம் என் கல்லூரி மெயிலுக்குத்தான் வந்தது. இரண்டு வருடம் கழித்து எனக்குக் கடலூரில் வேலை கிடைத்தது. கடைசி நாள், விதிப்படி என் பெயரை நானே எடுத்தேன். பஸ் ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது: லேபுக்கும் மெயிலுக்கும் ஒரே பெயர்; அதை எடுத்தால் மெயிலும் போய்விடும். அவள் முகவரியை எங்கும் குறித்து வைக்கவில்லை. மறுநாள் கல்லூரிக்குப் போன் போட்டேன். "எல்லாமே போயிடுச்சுங்க" என்றார் புதிதாக வந்தவர்.

பரங்கிப்பேட்டைக்குப் போய் விசாரித்தேன். அவள் வாப்பாவும் உம்மாவும் வீட்டைக் காலி செய்திருந்தார்கள். எந்த ஊர் என்று பக்கத்து வீட்டில் தெரியவில்லை.

அந்த லேப் இப்போது இல்லை. உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைசியாக வந்த மெயிலில் பெண் பிறந்திருப்பதாக எழுதியிருந்தாள். என்ன பெயர் வைத்தாய் என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியிருப்பாள்.