எதிர்வரிசையில் வசுதா

போன வாரம் தங்கை மகளுக்குப் புத்தகப் பை வாங்க தி.நகர் போயிருந்தேன். பள்ளி திறக்கும் சமயத்துப் பைக்கடை வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். புது ரெக்சினும் அட்டைப்பெட்டியும், வாசலில் வேகிற சோளமும் கலந்த வாசனை. கடைக்காரர் கொக்கிக் கம்பால் மேலேயிருந்து ஒரு பச்சைப் பையை இறக்கினார். அதில் டொப்பி சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது இதுதான் ஓடுகிறது என்றார். என் இருபத்தாறு வயதிலேயே ஓடியது என்று அவரிடம் சொல்லவில்லை. ஏன் மாமா வேண்டாம் என்று கேட்டவளிடம் ஜிப் சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு வேறு கடைக்குக் கூட்டிப்போனேன்.

டொப்பி ஓர் ஆமை. எந்த நாட்டிலோ வரைந்து தமிழில் பேசவைத்த கார்ட்டூன். தலையில் தொப்பி, முதுகில் ஓட்டுக்குப் பதிலாக ஒரு வீடு. சன்னல், கதவு, புகைபோக்கி எல்லாம் உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்த தொடர், தேனாம்பேட்டையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் முடியவில்லை. நானும் விடவில்லை. மதியம் சாப்பிட்டுக்கொண்டே காதில் ஒயரை மாட்டிக்கொண்டு பார்ப்பேன். யாராவது எட்டிப் பார்த்தால் கிரிக்கெட் என்பேன். ஸ்கோர் கேட்டுவிட்டால் தொலைந்தேன்.

என்னைப் போல இன்னும் இரண்டு பேர் ஊரில் இருக்கிறார்கள் என்பது இணையத்தில் ஒரு பக்கம் வழியாகத் தெரிந்தது. ஒருத்தி வசுதா. மயிலாப்பூர்க்காரி, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. இன்னொருவன் குமரேசன். கிண்டியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினான். எங்களைவிட நாலைந்து வயது மூத்தவன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் அவன் கையில் மெஷின் எண்ணெய் வாசனை போகாது. இப்போதும் சைக்கிள் கடையைத் தாண்டும்போது நான் ஒரு கணம் திரும்பிப் பார்ப்பது அதனால்தான்.

வசுதாவின் மாமா வெளிநாட்டில் இருந்தார். அடையாறில் அவருடைய பூட்டிக் கிடந்த ஃபிளாட்டின் சாவி அவளிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே கூடுவோம். அவள் எவர்சில்வர் டப்பாவில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவருவாள். பார்ப்போம், குமரேசன் வசனத்தையெல்லாம் டொப்பியின் கரகரக் குரலிலேயே கூடவே சொல்லுவான், பிறகு சண்டை போடுவோம். டொப்பி தூங்கும்போது அந்த வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டிருக்கிறோம். மூன்று பேரும் வரி கட்டுகிறவர்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

ஒருநாள், வெள்ளம் வந்து டொப்பியின் வீட்டை அடித்துக்கொண்டு போகும் பாகம் ஓடியது. வெறும் முதுகோடு அது நடந்து போகும். முடிந்ததும் குமரேசன் டிவியை அணைக்கச் சொன்னான். ஆற்றோரத்தில் இருந்த அவர்கள் வீட்டை அதிகாரிகள் இடித்து, குடும்பத்தையே லாரியில் ஏற்றி, ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்ட கதையை அன்றுதான் சொன்னான்.

"அம்மா அழுவல, நைனா அழுவல, நானும் அழுவல. நாலு நாள் கயிச்சு ஒரு டீக்கடை டிவில இத்தப் பாத்தேன் மச்சி. இருவது வயசு ஆளு, ரோட்ல நின்னுகினு அழுதேன்."

யாரிடமும் சொல்லவேண்டாம் என்றான். வசுதா எழுந்துபோய் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்த டம்ளரை அவள் இரண்டு கையாலும் நீட்டியது எனக்கு நினைவிருக்கிறது.

அடுத்த வருடம் ஒரு டிவி விவாத நிகழ்ச்சிக்காரர்கள் எங்கள் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். கார்ட்டூன் பார்க்கும் பெரியவர்கள் ஒரு வரிசை, அவர்களைச் சகிக்காதவர்கள் எதிர்வரிசை. நானும் குமரேசனும் தி.நகரில் ஆளுக்கொரு புதுச் சட்டை எடுத்தோம். வசுதா தனியாக வந்துவிடுவதாகச் சொன்னாள்.

உள்ளே போனால் அவள் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மாறி உட்கார்ந்துவிட்டாள் என்று நினைத்து, இந்தப் பக்கம் வா என்று நான் கையைக் காட்டினேன். அவள் தரையைப் பார்த்தாள். என் பக்கத்தில் இருந்த ஒருவர் கையை இறக்குங்கள், மறைக்கிறது என்றார்.

அவள் முறை வந்தது. பெரியவர்கள் பொம்மைப் படம் பார்ப்பது வளராத மனசு என்று படித்துவைத்த மாதிரி பேசினாள். உதாரணம் சொல்லுங்கள் என்றார் நடத்துபவர். ஒரு கார்ட்டூன் ஆமைக்காக நடுரோட்டில் நின்று அழுத ஆளைத் தனக்குத் தெரியும் என்றாள். யாரது என்று கேட்டதும் அவள் பார்வை குமரேசன் மேல் போனது. அது போதும், கேமராவும் போனது. அரங்கம் சிரித்தது. நிஜமாகவே அழுதீர்களா என்று மைக்கை நீட்டினார்கள். வீடு இடிபட்டதை அவன் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் வாயை மூடியிருப்பார்கள். அவன் சொல்லவில்லை.

"ஆமா சார், அழுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வெளியே வசுதாவைப் பிடித்தேன். வரன் பார்க்கிறார்கள் என்றாள். "எங்காத்துல எல்லாரும் பாத்துண்டிருப்பா. நான் எப்படி உங்க பக்கத்துல வந்து உக்கார முடியும்?"

சரி, வராமலே இருந்திருக்கலாம். அவன் கதையை எதற்குச் சொன்னாய் என்றேன். "பேசறதுக்கு வேற ஒண்ணும் இல்லாம போயிடுத்து" என்றாள். ஆட்டோ வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் அவளை மட்டும் வைதுவிட்டு இருந்திருப்பேன். நிகழ்ச்சி ஒளிபரப்பானது. குமரேசன் அழுதேன் என்கிறான். அடுத்த காட்சியில் நான் சிரிக்கிறேன். பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. சத்தியமாக அது முன்னால் வேறு எதற்கோ சிரித்த சிரிப்பு, வெட்டி அங்கே ஒட்டியிருக்கிறார்கள். மறுநாள் அவனைப் போனில் கூப்பிட்டு இதையே சொன்னேன். பட்டறையில் எல்லோரும் அவனை ஆமை என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டது.

"வசு சொன்னது கூட பரவால்ல மச்சி. வுடு, அவுங்க வூட்ல இன்னா கஷ்டமோ. நீ சிரிச்சுகினு கீற பாரு."

நம்ப மாட்டாயா என்றேன். நம்புகிறேன் என்று சொல்லித்தான் வைத்தான். அதன் பிறகு எடுக்கவில்லை. எத்தனையோ முறை அந்த வீடியோத் துண்டைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். சில நாள் எனக்கே சந்தேகம் வருகிறது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

பை வாங்கிவந்த அன்று மாலை டொப்பியை இணையத்தில் தேடினேன். புதுப் பாகங்கள் குவிந்து கிடக்கின்றன, வேறு யாரோ குரல் கொடுத்திருக்கிறார்கள். கரகரவென்று பேசிய அந்தப் பழைய தமிழ்க் குரல் எங்கேயும் இல்லை. யாரும் எடுத்து வைக்கவில்லையாம். அடையாறு ஃபிளாட்டை இடித்துவிட்டார்கள். மறுநாள் கிண்டிக்குப் போய்ப் பார்த்தால், பட்டறை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது, வாசலில் இருந்த செக்யூரிட்டிக்குப் பட்டறை என்று ஒன்று இருந்ததே தெரியவில்லை. பழைய பாகங்களை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை, அதே குரலில் பேசிக்காட்டக்கூடிய ஒரே ஆள் குமரேசன். அவன் நம்பரைப் போட்டேன். யாரோ ஒரு பெண் எடுத்து, ராங் நம்பர் என்றாள்.